மணி கேட்கும் தூரத்தில் ஒரு வீடு

முதல் நாள், வெள்ளி இரவு

எங்கள் வீட்டில் ஒரு வசவு உண்டு. பிள்ளைகள் பழைய சோற்றை ஒதுக்கினாலோ, ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தாலோ, "நீ என்ன மாஸ்டர் வீட்டுப் பிள்ளையா?" என்று அம்மா கேட்பார். எந்த மாஸ்டர் என்று நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். போன மாதம் பெரியம்மா தொலைபேசியில், "மாஸ்டர் வீடு இன்னும் நிக்குதுடா, வந்து பாத்துட்டுப் போ" என்றபோதுதான் அது ஸ்டேஷன் மாஸ்டர் என்று தெரிந்தது. எனக்கு நாற்பத்தாறு வயது.

தாத்தா ரயில்வேயில் கேங் ஆள். தண்டவாளத்துக்கு அடியில் கல் இடித்துக் கெட்டிப்படுத்துவது, இற்றுப்போன கட்டையை மாற்றுவது, ஓரத்துப் புல் வெட்டுவது. அம்மாவும் பெரியம்மாவும் பிறந்தது ஸ்டேஷனை ஒட்டியிருந்த கேங் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். லயம் போய்விட்டது. பழைய ஸ்டேஷனும் போய்விட்டது. மாஸ்டர் வீடு மட்டும் நிற்கிறது என்றால் போய்ப் பார்க்க வேண்டாமா? ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வரை மின்ரயில் வந்துவிட்டது. தூங்கி எழுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது, பயணக் கட்டுரை எழுதுகிறவனுக்கு அது பெரிய நஷ்டம். 1938-இல் குளுவாங் ஸ்டேஷனில் தொடங்கிய கோப்பிக் கடை இன்றைக்கும் ரயிலைவிடப் பிரபலம். கோப்பி, காயா தடவிய ரொட்டி, அப்புறம் அண்ணனின் கார்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவில், செம்பனைத் தோட்டங்களுக்குள் ஒரே ஒரு கடைவீதி உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் நாளைக்கு.

இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் ரயில் பெற்ற பிள்ளைகள். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு எட்டு மைல் ஓடியது, ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க. ஜொகூரைக் கடந்து பாதை முடிந்தது 1909-இல். அடுத்த ஆண்டே ரப்பர் விலை உச்சத்துக்குப் போயிற்று. காட்டை வெட்டிப் பால்மரம் நட்டவர்களுக்கு ரப்பர் ஷீட்டை ஏற்றி அனுப்ப ஸ்டேஷன் வேண்டும். அது மட்டுமில்லை, ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் ஒதுங்கி வழிவிடவும் சில மைலுக்கு ஒரு ஸ்டேஷன் வேண்டும். ஸ்டேஷனைச் சுற்றிக் கடை வந்தது, கடையைச் சுற்றி ஊர். முதலில் போய்க் குடியேறியவர் பெரும்பாலும் ஸ்டேஷன் மாஸ்டர்தான். பெரியம்மா சோறு போட்டுவிட்டார், மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள், சனி

காலையில் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அங்கே இப்போது ஒரு மலாய் மாக்சிக், வயதான அம்மா, இருக்கிறார். கணவர் தண்டவாள வேலை பார்த்தவர், இறந்துவிட்டார். எந்த ஏற்பாட்டில் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. "கடிதம் வந்தால் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று அவராகவே சொன்னார். அந்தக் கடிதம் என் எழுத்தால் வர வேண்டாம். ஊர்ப் பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம்.

வீடு செங்கல் தூண்களின் மேல் நிற்கிறது. அடியில் ஓர் ஆள் குனிந்து போகலாம். சுவர் பலகை, கூரை ஓடு. உயரமான சன்னல்களில் சாய்வாக அடுக்கிய பலகைகள், காற்று வரும், மழை வராது. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை எங்கோ இருக்கிறது. மூன்று அறை. சாலைப் பக்கம் சிமெண்டுத் தரை போட்ட ஒரு திறந்த இடம். கார் நிறுத்த யாரோ பிற்பாடு போட்டது போலிருக்கிறது, மாக்சிக்கின் மோட்டார் சைக்கிள் அங்கே நின்றது. தரையில் ஒரு தட்டளவு பள்ளம். ஸ்டாண்டு வைத்து வைத்து விழுந்ததாக இருக்கும். இரவு பெய்த மழை அதில் தேங்கி நிற்க, ஒரு பூனை குடித்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து ஏழு படி. கிளம்பும்போதே பெரியம்மா சொல்லியிருந்தார்: "உங்க பாட்டி அந்த வீட்டு முன்வாசல் படியை ஏறுனதே கிடையாது. ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஏற மாட்டா, அவ்வளவுதான்." செருப்பைக் கழற்றிவிட்டு ஏழு படியையும் நிதானமாக ஏறினேன். மேலே போய் நின்று அம்மாவை நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுபக்கம் ஒரு தாழ்வாரம், பலகையும் துத்தநாகத் தகடும் வைத்து அடைத்துப் பழைய சாமான்கள். அதற்கு அப்பால் இரட்டைத் தண்டவாளத்துக்குப் போட்ட கம்பி வேலி.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு வீடு கொடுப்பது ரயில் அளவுக்கே பழைய வழக்கம். 1830-இல் மான்செஸ்டரில் லிவர்பூல் ரோடு ஸ்டேஷன் திறந்தபோது, பக்கத்தில் 1808-இலேயே கட்டியிருந்த ஒரு வீட்டில் கம்பெனி தன் ஏஜெண்டைக் குடிவைத்தது. அந்த ஆளை அப்போது ஏஜெண்ட் என்றுதான் அழைத்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது பின்னால். ஸ்டேஷனுக்கு இருபத்திரண்டு வயது மூத்த மாஸ்டர் வீடு!

பிறகு கம்பெனிகள் ஸ்டேஷனோடு சேர்த்தே வீட்டையும் வரைந்தன. வட இங்கிலாந்தில் செட்டில்–கார்லைல் பாதையில் 1876-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. மிட்லண்ட் கம்பெனி பெரியது, நடுத்தரம், சிறியது என்று ஸ்டேஷனுக்கு அளவு வைத்திருந்தது. மாஸ்டர் வீடு தனியாக நின்றாலும் அதே பாணிதான், ஒரே குடும்பம் என்று பார்த்ததும் தெரியும். அந்தப் பாதையில் டென்ட் என்றொரு ஸ்டேஷன், 1,150 அடி உயரத்தில். இங்கிலாந்தின் முக்கியப் பாதைகளில் அதைவிட உயரமான ஸ்டேஷன் கிடையாது. குளிர் தாங்க அந்த மாஸ்டர் வீட்டுச் சன்னலுக்கு அந்தக் காலத்திலேயே இரட்டைக் கண்ணாடி போட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. டென்ட் கிராமம் ஸ்டேஷனிலிருந்து நாலு மைலுக்கும் மேலே. மாஸ்டர் வீடு மட்டும் கூப்பிடு தூரம்.

இதை யோசித்தால் விஷயம் புரிகிறது. கம்பெனிக்கு மாஸ்டரின் சௌகரியம் இரண்டாவது கவலை. வண்டி வருமுன் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மணி வரும். அது ராத்திரி இரண்டு மணிக்கும் வரும், அந்த நேரத்தில் ஆள் நாலு மைல் தள்ளித் தூங்கினால் வண்டி நிற்கும். டிக்கெட் காசு, கூட்ஸ் ஷெட்டில் அடுத்தவர் சரக்கு, கைகாட்டி எல்லாவற்றுக்கும் ஒருவர் பொறுப்பு. அவரைப் பக்கத்திலேயே கட்டிப்போட ஒரு வீடு. கைகாட்டிக் கம்பம் மாதிரி அதுவும் ஸ்டேஷனின் ஒரு சாமான்தான்.

மலாயாவில் கல்லுக்குப் பதில் பலகையும் தூணும். கம்பத்து வீடுகளை, அதாவது மலாய்க் கிராமத்து வீடுகளை, பார்த்துக் கற்றது பாதி, பயம் பாதி. 1901-இல் திறந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தை மலேரியா சில மாதங்களிலேயே மூட வைத்தது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்த பிறகுதான் மறுபடியும் வேலை நடந்தது. சேற்று மண்ணில் தரையோடு வீடு கட்ட யாருக்கு மனம் வரும்? ஆனால் பெரியம்மா பிறந்த கேங் லயம் தரையோடுதான் இருந்ததாம்.

மூன்றாம் நாள், ஞாயிறு

சிங்கப்பூர் போய் வந்தேன். பாலத்தைத் தாண்டப் போன நேரத்தைச் சொன்னால் அழுவீர்கள், விடுங்கள்.

புக்கிட் தீமா பழைய ஸ்டேஷனைப் பார்க்க வேண்டியிருந்தது. 1932-இல் கட்டிய சின்னச் செங்கல் ஸ்டேஷன். 2011 வரை அங்கே டோக்கன் முறை ஓடியது. மாஸ்டர் தரும் டோக்கன் டிரைவர் கைக்கு வந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரையுள்ள ஒற்றைப் பாதை அவருடையது. ஒரு பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும், ஆகவே இரண்டு வண்டி எதிரெதிரே வர முடியாது. எளிமையான ஏற்பாடு, ஆனால் கொடுக்க வாங்க ஆள் வேண்டும், ஆள் இருக்க வீடு வேண்டும். 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் கடைசி ரயிலைத் தாமே ஓட்டிப் போனதோடு அந்தக் காலம் முடிந்தது.

ஸ்டேஷன் ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் இப்போது கோப்பிக் கடை. அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஒரு கோப்பி விலையில் எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் மூன்று பேர் சாப்பிடலாம் என்பதைத் தவிர. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது வீடாகத் தெரியவில்லை. துணி காயும் கொடி எங்கே இருந்திருக்கும், கோழிக்கூடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பிரிட்டனில் 1963-இல் பீச்சிங் அறிக்கை 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்ன பிறகு, எத்தனையோ மாஸ்டர் வீடுகள் தனியார் கைக்குப் போயின. தண்டவாளம் போன தடத்தில் இன்று ரோஜாச் செடி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த நூறு குவார்ட்டர்ஸுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, இடித்தே விட்டார்கள். நான் கல்லூரிக் காலத்தில் அந்த வரிசை வழியாக எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

நான்காம் நாள், திங்கள்

நேற்று முந்தின நாள் எழுதியதில் ஒரு பெரிய தவறு. சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அண்ணன் விசாரித்து வைத்திருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பக்கத்து ஊரில் மகளோடு இருக்கிறார். எண்பத்தாறு வயது. அறுபதுகளின் கடைசியில் இதே ஸ்டேஷனில், இதே வீட்டில் இருந்தவர். பெயர் வேண்டாம் என்றார், மாஸ்டர் ஐயா என்றே எழுதுகிறேன். "ஓம், வாரும், இரும். தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்றார். நான் பிறந்து வளர்ந்த நாட்டிலேயே பிறந்தவர், ஆனால் பேச்சில் யாழ்ப்பாணம் அப்படியே இருக்கிறது.

ஒரு காலத்தில் மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் என்றால் சிலோன்காரர் என்றே நம் ஆட்கள் நினைப்பார்கள். அதற்கு இரண்டு காரணம். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் வெகு முன்னதாகவே ஆங்கிலம் கற்றுக்கொடுத்தன, வட்டுக்கோட்டை செமினரி 1823-இலேயே தொடங்கியது. படித்தவர்களுக்கு ஊரில் வேலை போதவில்லை. அந்தப் பக்கம் சிலோனில் 1865 முதலே ரயில் ஓடியதால் தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தைப்பிங் பாதையைப் போட்டதே சிலோன் பயனியர் படைதான். 1901-இல் உருவான மலாய்க் கூட்டு மாநில ரயில்வேயின் ஜெனரல் மேனேஜர் ஸ்பூனர், அதற்கு முன் சிலோன் பொதுப்பணித் துறையில் இருந்தவர். தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆளை எடுத்தார். அவர்கள் வந்து பேனா பிடித்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் கல் இடித்தார்கள். இருவருக்கும் ஒரே மொழி. ஒரே கோயில் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மாஸ்டர் ஐயாவின் அப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டர். பிறந்ததே குவார்ட்டர்ஸில். வேலையில் சேர்வதற்கு முன் ஐந்து வீடு, சேர்ந்த பிறகு ஆறு.

"வீட்டோட சாமானும் தருவினம். கதிரை ஆறு, மேசை ரெண்டு, கட்டில் ரெண்டு, அலுமாரி ஒண்டு. எல்லாத்திலயும் நம்பர். மாத்தல் வந்தா அடுத்த மாஸ்டர் லிஸ்டோட வந்து எண்ணிப் பார்ப்பார். இறைச்சி வைக்கிற கம்பிவலை அலுமாரியும் அதில இருக்கும். நாங்கள் சைவம். ஆனாலும் கையெழுத்துப் போட்டு எடுக்கத்தான் வேணும். அம்மா அதுக்குள்ள அப்பளமும் ஊறுகாயும் வைச்சவ."

மணியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "மணி கேட்டா சோத்துக் கையோட எழும்பி ஓடவேணும். எத்தினை தரம் அடிக்குது எண்டு மனிசிக்கும் தெரியும். நான் நித்திரையா இருந்தா அவதான் எழுப்புவா. அவவுக்கு ஆர் சம்பளம் குடுத்தது?" கடைசிக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக் கேட்டார்.

அவசரகாலம், 1948 தொடங்கிய வருடங்கள், அவர் சிறுவன். ஜொகூரில் ரயிலைக் கவிழ்ப்பதும் ஸ்டேஷனைச் சுடுவதும் நடந்த காலம். வண்டிக்கு முன்னால் இரும்புக் கவசம் போட்ட டிராலி ஓடும். ஸ்டேஷனைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள், வீடு கம்பிக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் பெரிய பேச்சாம். அம்மா பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைப்பாராம். பலகைச் சுவர் எதைத் தடுக்கும்? ஆனாலும் அப்பா மணிக்கு எழுந்து போவார்.

"சரி, வீட்டைப் பார்த்தனீரே, எந்தப் பக்கத்தால ஏறினீர்?" என்று திடீரென்று கேட்டார்.

"முன்பக்கம்தான் ஐயா, ரோட்டுப் பக்கம். ஏழு படி."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, அது குசினி வாசல்! வீட்டு முகம் லைன் பக்கமல்லோ. விறாந்தையில கதிரையைப் போட்டு இருந்தா சிக்னல் தெரியும், பிளாட்பாரம் தெரியும், வாற வண்டி தெரியும். அதுக்குத்தானே வீடு. ரோட்டுப் பக்கம் குசினி. நெருப்புப் பயத்தால தள்ளிக் கட்டி, நடுவில கூரை போட்ட நடை விட்டிருக்கும்."

நான் கார் நிறுத்தும் இடம் என்று எழுதியது இடிந்த குசினியின், அதாவது சமையலறையின், தரை. பின்தாழ்வாரம் என்று எழுதியதுதான் முன்விறாந்தை. பாட்டி ஏறாத படியை நான் ஏறவே இல்லை. பாட்டி தினமும் போய்வந்த வழியில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவ்வளவு மரியாதையாக, ஏறியிருக்கிறேன்.

அந்தக் குசினிப் படியில்தான் 1969-க்குப் பிறகு கேங் ஆட்களும் தோட்டத்து ஆட்களும் விண்ணப்பப் பாரங்களோடு வந்து உட்காருவார்களாம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று வந்த நேரம். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க ஊரில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி உண்டு, மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் உண்டு, மாஸ்டர் உண்டு. என் தாத்தாவும் வந்தாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கனபேர் வந்தவை தம்பி. பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஞாபகமில்லை."

1994-இல் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு. சாமான் லிஸ்டை ஒப்படைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, தம்பி வீட்டில் இரண்டு வருடம் இருந்தாராம். "ஐம்பத்தஞ்சு வருசம் ஒரு சுவரில எனக்கெண்டு ஒரு ஆணி அடிக்கேல்ல. எல்லாம் ரயில்வேன்ர சுவர்."

இதைக் கேட்டதும் எனக்குத் தோட்டத்து லயம்தான் ஞாபகம் வந்தது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையோடு சேர்ந்து வீடும் போனது. தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் சாக்கு மூட்டையோடு நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளியின் காசிலேயே தோட்டம் வாங்கலாம் என்று. மாஸ்டர் வீட்டுக்கும் லயத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று நினைத்து வளர்ந்தவன் நான். காலி செய்கிற நாளில் இரண்டு வீட்டுக்காரரும் ஒரே மாதிரிதான் நின்றிருக்கிறார்கள். உயரமான வீட்டிலிருந்து இறங்கியவருக்குப் பென்ஷன் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அது பின்வாசல் என்று ஏன் சொல்லவில்லை?

"நீ எந்தப் பக்கம் போனேன்னு சொல்லலையே" என்றார்.

ஐந்தாம் நாள், செவ்வாய் காலை

மத்தியானம் ரயில். அதற்குள் ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாக்சிக்கிடம் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். இருபது வருடமாக அவரும் அதைத்தான் முன்வாசல் என்று நினைத்திருந்தாராம். விறாந்தையில் கிடந்த மேசை விசிறி, பழைய மெத்தை, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றையும் இருவருமாக நகர்த்தி ஒரு பலகையைக் கழற்றினோம். படி இருந்தது. அங்கேயும் ஏழு. ஓரத்தில் பாசி. கடைசிப் படிக்கும் கம்பி வேலிக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி, அதிலும் தொட்டாற்சுருங்கி.

"வாங்க பெரியம்மா, ஏறுங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டேன்.

"முட்டி வலிக்குதுடா, நீ ஏறு."

இறங்கி, பக்கவாட்டில் திரும்பி நின்று, மறுபடி ஏறினேன். முக்கியமான ஏதோ ஒன்று கீழே விழுந்துவிட்டது என்று நினைத்து மாக்சிக் வேலிக்கு அடியில் தேடத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் மின்ரயில் ஒன்று போனது. வருவதற்கு முன் எந்தச் சத்தமும் இல்லை. பலகைச் சுவர் லேசாக அதிர்ந்து அடங்கியது.

வெளியே வந்தபோது பெரியம்மா குசினித் தரையில் உட்கார்ந்திருந்தார். மோட்டாரைத் தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்கிறார் போல. அந்தத் தட்டளவு பள்ளத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, ஸ்டாண்டு பதிந்தது என்று நான் எழுதிய பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உரல் இருந்த எடம். சனிக்கிழமையானா உங்க பாட்டி இங்கதான் மாஸ்டர் வீட்டுக்கு மிளகாய்த்தூள் இடிப்பா. நானும் உங்கம்மாவும் அந்தப் படியில உக்காந்து தும்முவோம்."

பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரை உள்ளங்கையால் வழித்து வெளியே தள்ளினார்.